கேஜிஎஃப், பேஸ்பால், கேட்பாரில்லாத டெபாசிட்

கடை திறந்து ரொம்ப நாளாச்சு. குவார்ட்டர் எண்டு, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வீட்டுல தங்கமணி வேற "எழுதி என்னத்தைக் கண்டீங்க, அந்தக் குப்பைத் தொட்டியை வெளில தள்ளிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும். காரணம் கோவம்.

இங்க நியூஜெர்சியில நண்பர் ஒருத்தர் வீட்டுல பிறந்தநாள் விருந்து. பசங்க எல்லாம் பேஸ்பால் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. நம்ம பையனுக்கு அதுல பைத்தியம். யார் எத்தனை ரன், எந்த வருஷம், எந்த டீம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். (பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் கேக்கக் கூடாது.) பேச்சோட பேச்சா, "எங்க தாத்தா கோலார்ல ஒரு ஃபைனல்ல அஞ்சு கோல் போட்டார்"னு பெருமையா சொல்லிட்டான். நான் சொல்லிக் குடுத்ததுதான்.

பக்கத்துல ஒரு அண்ணாச்சி. நல்ல மனுஷர், கணினித் துறையில பெரிய பதவி. சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "எங்கடா எழுதி வெச்சிருக்கு?"

பையன் என்னைப் பாத்தான். நான் பிரியாணியைப் பாத்தேன்.

அதோட விட்டிருந்தா இந்தப் பதிவே இல்ல. அவர் தொடர்ந்தார். "இப்பல்லாம் எழுதி வைக்காததுக்கும் ரெக்கார்ட் குடுக்கறாங்கப்பா. 2024ல இந்த பேஸ்பால்காரங்க பண்ணினாங்களே, செத்து 77 வருஷம் ஆன ஆளைத் தூக்கி முதலிடத்துல வெச்சாங்க. ஃப்ராடு! நீங்க பேங்க்ல இருக்கீங்களே, மூடின லெட்ஜரைத் திறந்து திருத்துவீங்களா? அதுவும் சுரங்கத்துல கூலி வேலை செஞ்சவங்க ஆடினதுக்கெல்லாம் யார் கணக்கு வெச்சா?"

சபை நாகரிகம் கருதி அங்க வாயைத் திறக்கல. இது நம்ம கடை. இங்க திறக்கலாம்.

முதல்ல அந்த பேஸ்பால் விஷயம். தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை.

காசு வாங்கி ஆடறோம்னு வெளிப்படையா சொன்ன முதல் டீம், 1869ல சின்சினாட்டி ஊரோட ரெட் ஸ்டாக்கிங்ஸ். 1876ல நேஷனல் லீக் ஆரம்பிச்சாச்சு. 1884ல டொலிடோ டீம்ல மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்னு ஒரு கறுப்பர் பெரிய லீக்ல ஆடினார். ஆமா, 1884. அதுக்கப்புறம் முதலாளிங்க எல்லாம் தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு, கறுப்பர்களைச் சேக்கறதில்லன்னு கதவைச் சாத்திட்டாங்க. அது எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா 1947 ஏப்ரல் 15ல ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டீமுக்காக இறங்கற வரைக்கும் அந்தக் கதவு திறக்கல.

நடுவுல கறுப்பர்கள் சும்மா இருக்கல. 1920ல ரூப் ஃபாஸ்டர் கேன்சஸ் சிட்டியில ஆளைக் கூட்டி தனி லீக் ஆரம்பிச்சார். அதுல வந்தவர்தான் ஜாஷ் கிப்சன். பந்தை அடிச்சா திரும்ப வராதுன்னு பேரெடுத்தவர். 1947 ஜனவரியில, 35 வயசுல செத்துப் போனார். ராபின்சனுக்குக் கதவு திறக்க மூணு மாசம் இருந்தது. பெரிய லீக்ல ஒரு ஆட்டம் கூட கிப்சனுக்குக் கிடைக்கல.

2020 டிசம்பர்ல மேஜர் லீக் நிர்வாகம், 1920லேர்ந்து 1948 வரைக்கும் நடந்த ஏழு கறுப்பர் லீக்குகளும் மேஜர் லீக்தான்னு அறிவிச்சது. 2024 மே மாசம் அந்தக் கணக்கையெல்லாம் பொதுக் கணக்கோட சேத்தாங்க. 2,300 பேருக்கு மேல புதுசா உள்ள வந்தாங்க. டை காப்னு ஒரு வெள்ளைக்காரர் வாழ்நாள் பேட்டிங் சராசரி .367 வெச்சு பல தலைமுறையா முதலிடத்துல உக்காந்திருந்தார். கிப்சனுக்கு .372. அதாவது ஆயிரம் தடவை பேட் பிடிச்சா 372 தடவை ஹிட். காப் ரெண்டாவது இடத்துக்கு வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணாச்சிக்கு இது ஃப்ராடு. இவர் மாதிரி ஆளுங்க எப்பவும் சொல்ற வாதம் ஒண்ணு இருக்கு: "அந்த லீக்ல சீசனுக்கு அறுபது எழுபது ஆட்டம்தான். அதை எப்படி நூத்தம்பது ஆட்டத்தோட ஒப்பிடறது?"

சரி, ஒப்பிட வேணாம். அப்போ 2020ல கொரோனா காலத்துல வெறும் 60 ஆட்டம் ஆடினாங்களே, அதை மட்டும் எப்படி ரெக்கார்ட்ல ஏத்தினாங்க? இன்னொண்ணு. 1969ல ஒரு கமிட்டி உக்காந்து எதெல்லாம் மேஜர் லீக்னு பட்டியல் போட்டது. 1884ல ஒரே ஒரு வருஷம் நடந்து இழுத்து மூடின யூனியன் அசோசியேஷன் உள்ள வந்துது. வருஷக் கணக்கா நடந்த கறுப்பர் லீக் வரல. விவாதிச்சு ஒதுக்கி இருந்தாலாவது பரவாயில்ல. விவாதத்துக்கே எடுத்துக்கல. அண்ணே, ஃப்ராடு எங்க நடந்திருக்குன்னு இப்பப் பாருங்க.

இப்ப என் தொழிலுக்கு வரேன். "பேங்க்ல திருத்துவீங்களா"ன்னு கேட்டார். பி.காம். படிச்சு இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல குப்பை கொட்டறவன் சொல்றேன். திருத்துவோம். திருத்தலன்னா ஆடிட்டர் எங்க தோலை உரிப்பார்.

ஒரு பணம் வந்து, அது யாரோடதுன்னு தெரியலன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். யாரோடதுன்னு தெரியலங்கறதுக்காக அது பேங்க்கோட பணம் ஆயிடாது. அதே மாதிரி, நம்ம ஊர்ல பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை ரிசர்வ் வங்கியோட நிதிக்கு அனுப்பணும். 2014லேர்ந்து இதுக்குன்னே தனி நிதி இருக்கு. ஆனா வாரிசு என்னிக்கு அத்தாட்சியோட வந்து நின்னாலும் பணம் குடுத்தே ஆகணும். "இவ்வளவு நாள் எங்க போயிருந்தே"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. கிப்சன் விஷயத்துல நடந்தது அதுதான். கேட்பாரில்லாத டெபாசிட்டுக்கு வாரிசு வந்தாங்க. கையில அத்தாட்சி இருந்துது.

அந்த அத்தாட்சி எங்கேர்ந்து வந்துது? இதைத்தான் நாம கவனிக்கணும். அந்தக் காலத்துல பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் மாதிரி கறுப்பர்கள் நடத்தின பத்திரிகைகள் ஆட்டக் கணக்கைக் கட்டம் கட்டிப் போட்டாங்க. பின்னாடி ஆர்வலர்கள் சிலர் பல வருஷம் லைப்ரரி லைப்ரரியா உக்காந்து, மைக்ரோஃபிலிம்ல கண்ணை ஓட்டி, ஒவ்வொரு ஆட்டமா சேத்தாங்க. இன்னும் முழுசா கிடைக்கல. முக்கால் பங்குக்குக் கிட்ட கிடைச்சிருக்கு. மீதி கிடைச்சா கணக்கு மாறும்னு அவங்களே சொல்றாங்க. அதுதான் நேர்மை.

இப்ப நம்ம கதை.

அண்ணாச்சி ஒரு கிரிக்கெட் பிரியர். இந்திய கிரிக்கெட் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, 1932 லார்ட்ஸ், சி.கே.நாயுடு கேப்டன்னு டக்குனு சொல்லுவார். சரிதான், முதல் டெஸ்ட் அது. ஆனா அதுக்கு 21 வருஷம் முன்னாடி, 1911ல, இந்திய அணின்னு ஒண்ணு இங்கிலாந்து போச்சு. பாட்டியாலா மகாராஜா கேப்டன். அந்தப் பயணத்துல 114 விக்கெட் எடுத்தவர் பல்வங்கர் பாலு. தலித். பூனாவுல வெள்ளைக்காரங்க கிளப்புல மைதானம் பாத்துக்கற வேலை செஞ்சுக்கிட்டே, துரைமாருக்கு மணிக்கணக்கா பந்து வீசி வீசி இடது கை சுழலைக் கத்துக்கிட்டவர். இந்துக்கள் டீம்ல சேத்தாங்க, ஏன்னா ஜெயிக்கணும். ஆனா டீ இடைவேளையில பெவிலியனுக்கு வெளியில, தனி மண் குவளை. கேப்டன் பதவி கடைசி வரைக்கும் குடுக்கல. அவர் தம்பி விட்டலுக்கு 1923ல குடுத்தாங்க. அதுவும் ஏகப்பட்ட சண்டைக்கு அப்புறம்.

ரெக்கார்ட் புக்கை 1932ல திறந்தா பாலு அதுல இருக்க மாட்டார். அதாவது, புக்கை எந்தத் தேதியில திறக்கறதுன்னு முடிவு பண்றவன் கையிலதான் "முதல்" இருக்கு.

கொஞ்சம் நம்ம பக்கம். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையோட முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும். முதல் பந்து போட்டவர் எம்.ஜே.கோபாலன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடினவர். அன்னிக்கு எங்க மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டுது. மதராஸ் 130. ராம் சிங் 35 ரன் குடுத்து 11 விக்கெட். ஒரே நாள்ல ஆட்டம் க்ளோஸ். (மைசூர் சமஸ்தானத்துத் தமிழனா பொறந்ததால இதுக்கு அழறதா சிரிக்கறதான்னு இன்னும் முடிவு பண்ணல :-) ) தோத்த டீம்தான். ஆனாலும் ஓட்டம், விக்கெட், தேதி எல்லாம் பத்திரமா இருக்கு. ஏன்னா யாரோ ஒருத்தர் ஓரமா உக்காந்து எழுதினார்.

இன்னொரு கேள்வி. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்ல ஆடின முதல் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31, லண்டன் பக்கத்துல இல்ஃபோர்டு. எதிர்ல பிரான்ஸ். நம்மாளுங்க பெரும்பாலும் வெறுங்கால். கிடைச்ச ரெண்டு பெனால்டியையும் கோட்டை விட்டு 1-2ன்னு தோத்தாங்க. அந்த ஒரு கோல் யார் போட்டது? சாரங்கபாணி ராமன். மைசூர் மாநிலத்துக்காக ஆடினவர். நம்ம வீட்டுப் பசங்க எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? பசங்களை விடுங்க, அண்ணாச்சிக்குத் தெரியுமா? எனக்கே முப்பத்தஞ்சு வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

இவங்க எல்லாம் எப்படியோ ஏதோ ஒரு ஏட்டுல ஏறிட்டாங்க. ஏறாதவங்க கதைதான் கோலார் தங்க வயல்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்துது. வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரி பக்கத்துலேர்ந்து பஞ்சம் பொழைக்க வந்த நம்ம சனம்தான் கீழ இறங்கினது. பெரும்பாலும் தலித் சனம். நூத்து இருபது வருஷம், மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். மேல துரைமாருக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். "குட்டி இங்கிலாந்து"ன்னு பேர். அந்த கிளப்புல நம்மாளு நுழைஞ்சா ட்ரே தூக்க, இல்லாட்டி கோல்ஃப் பை தூக்க. கீழ வரிசையா லைன் வீடு. தட்டியால அடைச்ச வீட்டுல எங்க ஆயா பத்துப் பதினோரு பேருக்கு சமைச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு சங்கு ஊதினா, கேஜ்ல மேல வந்தவங்க குளிச்சுட்டு நேரா கிரவுண்டுக்குப் போவாங்க. சயனைட் மேட்டுக்குப் பக்கத்துல புல்லு முளைக்காத கிரவுண்டு. காத்து அடிச்சா வாய் நிறைய புழுதி. அங்கதான் சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் மைன்ஸ்னு டீம் பிரிஞ்சு கால்பந்து.

எங்க நைனா அங்க ஆடினவர். 1964ல மைன்ஸ்ல சேந்தார். பகல்ல பாறையை உடைச்சார், சாயங்காலம் வெறுங்கால்ல பந்து ஆடினார். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து "71ல ஃபைனல்ல அஞ்சு கோல்டா"ன்னு சொல்லுவார். சொல்லும்போதே இருமல் வரும். பாறைத் தூசி நுரையீரல்ல உக்காந்துக்கிட்டா எழுந்து போகாது. 2001 பிப்ரவரி 28ல மைன்ஸை மூடினாங்க. 2009ல நைனா போய்ட்டார்.

மிச்சம் இருக்கறது ஒரு குட்டிக் கப்பு, ஒரு போட்டோ. போட்டோவுல பதினோரு பேர் நிக்கறாங்க. முன்னாடி நாற்காலியில ரெண்டு ஆபீசருங்க. திருப்பிப் பாத்தா இங்கிலீஷ்ல அழகான கையெழுத்து: ஆபீசருங்க ரெண்டு பேரோட பேர், பதவி, 1971. நிக்கற பதினோரு பேருக்கும் சேத்து ஒரே வார்த்தை, "டீம்".

பந்தை உதைச்சவனுக்குப் பேர் இல்ல. நாற்காலியில உக்காந்தவனுக்குப் பேர் இருக்கு. தமிழ்ல "முதல்"னா ஒண்ணாவதுன்னும் அர்த்தம், வியாபாரத்துல போடற பணம்னும் அர்த்தம். மூச்சையும் முட்டியையும் முதலாப் போட்டவங்க இவங்க. முதல்னு பேர் எடுத்தது வேற ஆளுங்க.

2016ல ஊருக்குப் போனப்போ, பழைய விளையாட்டுப் பதிவேடு ஏதாவது இருக்கான்னு ஒரு அலுவலகத்துல கேட்டேன். எந்த அலுவலகம்னு சொல்லப் போறதில்ல. "சார், அதெல்லாம் எடைக்குப் போட்டு எத்தனையோ வருஷமாச்சு"ன்னாங்க. கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு கேக்கத் தோணல. கேட்டிருக்கணும்.

இதுவரைக்கும் அண்ணாச்சிக்குச் சொன்னேன். இனிமே நமக்கு. கொஞ்சம் காரமா இருக்கும், கோச்சுக்காதீங்க.

எடைக்குப் போட்டவங்களை மட்டும் திட்டிட்டுப் போக முடியாது. நாம என்ன பண்ணிட்டு இருக்கோம்? தினமும் காலையில போனைத் திறந்தா "உலகிலேயே முதல்", "ஆசியாவிலேயே முதல்"னு ஃபார்வர்டு. எங்க ஊர்க்காரங்க குரூப்புல வாராவாரம் வர்றது, "ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் வந்த ஊர் கேஜிஎஃப்." பொய் மக்களே. டார்ஜிலிங்ல 1897லயே நீர்மின்சாரம் வந்தாச்சு. நமக்கு சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்ட் வந்தது 1902. உண்மை என்னன்னா, சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்த அந்தக் கம்பி, அன்னிக்கு உலகத்துலயே ரொம்ப நீளமான மின்கம்பிகள்ல ஒண்ணு. இந்த உண்மையே எவ்வளவு பெருமை! அது போதலயா? அதுக்கு மேல ஏன் பொய்? அந்தக் கரண்ட் மைன்ஸுக்காக வந்துது, ஆயாவோட தட்டி வீட்டுக்காக வரலங்கறதை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

இதுல அமெரிக்காக்காரங்களும் யோக்கியம் இல்ல. 1839ல கூப்பர்ஸ்டவுன்ல அப்னர் டபுள்டே பேஸ்பாலைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கமிட்டி 1907ல முடிவு சொல்லுச்சு. டபுள்டே அந்த வருஷம் வேற ஊர்ல ராணுவப் பள்ளியில படிச்சுக்கிட்டு இருந்தார். முழுப் புருடா. ஆனாலும் அந்த ஊர்லதான் 1939ல பெரிய மியூசியம் திறந்தாங்க. புருடாவுக்கு மண்டபம் கட்டினாங்க. அதே காலத்துல கிப்சன் அடிச்ச அடிக்குக் கணக்கு வெக்கல. நாமளும் அதையேதான் பண்றோம். சங்க விழா மலர்ல இருபதாயிரம் வருஷப் பெருமை நாலு பக்கம். அம்பது வருஷம் முன்னாடி நம்ம அப்பன் யாரோட ஆடினான்னு கேட்டா பதில் இல்ல.

பொய்யான "முதல்" ஒண்ணு போதும், உண்மையான நூறு "முதல்" மேல சந்தேகம் வர. ஆடிட்ல ஒரு போலி வவுச்சர் சிக்கினா மொத்தக் கட்டையும் பிரிச்சுப் பாப்பாங்க. அப்படித்தான் பையன் சொன்னதும் அண்ணாச்சி சிரிச்சார். அவர் பாத்த எல்லா ஃபார்வர்டுக்கும் சேத்து என் பையன் கிட்ட சிரிச்சார்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "அதெல்லாம் பழசு, எதுக்குக் கிளறிக்கிட்டு, பசங்களுக்கு மைன்ஸ், லைன் வீடுன்னு எல்லாம் சொல்லாதீங்க"ன்னு. சிலருக்கு ஊர் பேர் சொன்னா ஜாதி தெரிஞ்சுடுமோன்னு பயம். சொந்த ஊர் பெங்களூருன்னே சொல்லிக்குவாங்க. 2018ல அந்தப் படம் வந்து ஓடினப்புறம் கேஜிஎஃப்னு தைரியமா சொல்றாங்க. அதுவும் எதுக்கு? ஹீரோ சுத்தியல் தூக்கினதுக்கு. நிஜமா சுத்தியல் தூக்கினவங்க பேர் போட்டோவுக்குப் பின்னாடி கூட இல்ல. அதைப் பத்திப் பேச்சில்ல.

சரி, கோவப்பட்டது போதும், என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன். விருந்து முடிஞ்சு வந்த அன்னிக்கு ராத்திரியே ஆண்டர்சன்பேட்டையில இருக்கற சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவரும் அந்த போட்டோவுல நிக்கறார். "சித்தப்பா, 71 ஃபைனல்ல நைனா எத்தினி கோல்?"

"இன்னாடா இப்போ போயி கேக்கற? மூணு."

"அஞ்சுன்னு சொல்லுவாரே."

"உங்க நைனா சம்பளத்தையும்தான் கூட சொல்வாரு. மூணுதாண்டா. நான் லெஃப்ட்ல ஓடிகினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்ன நம்பர்ல பழைய கோல் கீப்பரைப் பிடிச்சேன். எண்பது தாண்டினவர். நாலு கோல், அதுல ஒண்ணு கையில பட்டுதுன்னார். எதிர் டீம்காரர் யாராவது இருந்தா ரெண்டுன்னு சொல்லுவாங்க போல.

நெஞ்சுல கொஞ்சம் வலிச்சுது. பொய் சொல்ல மாட்டேன். அஞ்சுன்னு எழுதிட்டா யார் கேக்கப் போறா? எந்த ஏடும் இல்லாதபோது யார் மறுக்க முடியும்? ஆனா அப்படி எழுதினா நானும் ஒரு ஃபார்வர்டு. நைனா போட்ட நிஜ கோல் கூட அந்தப் பொய்யோட சேந்து காணாமப் போயிடும்.

அதனால ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்துல கோடு போட்டு, போட்டோவுல நிக்கற வரிசைப்படி பேர் எழுத ஆரம்பிச்சேன். சித்தப்பா அஞ்சு பேர் சொன்னார், கோல் கீப்பர் மூணு. பதினொண்ணுல எட்டு ஆச்சு. எந்த மைன்ஸ், என்ன வேலை, எந்த இடத்துல ஆடினாங்கன்னும் எழுதியாச்சு. யார் சொன்னாங்க, எந்தத் தேதியில சொன்னாங்கன்னு பக்கத்துலயே குறிச்சிருக்கேன். வவுச்சர் இல்லாம எண்ட்ரி கிடையாது. மூணு இடம் காலியா இருக்கு. அது சஸ்பென்ஸ்.

கோல் கணக்குல மூணு பேர் சொன்னதையும் போட்டேன். நைனா 5, கோல் கீப்பர் 4, சித்தப்பா 3.

பையன் வந்து எட்டிப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். திட்டப் போறான்னு நினைச்சேன், அஞ்சுன்னு சொல்லி நம்ப வெச்சதுக்கு.

"அப்பா, மூணு பேர் சொன்னதுலயும் குறைஞ்சது மூணு இருக்கு இல்ல?"

"ஆமா."

"அப்ப ஃபைனல்ல ஹாட்ரிக். அது கன்ஃபர்ம்." பேனாவை வாங்கி அவனே எழுதினான்: தாத்தா, 1971, குறைஞ்சது 3.

அடுத்த தடவை அண்ணாச்சி எங்க எழுதியிருக்குன்னு கேட்டா நோட்டைக் காட்டுவோம்.

மக்களே, உங்க வீட்டுலயும் பரண்ல ஒரு போட்டோ இருக்கும். மைன்ஸோ, தேயிலைத் தோட்டமோ, ரயில்வேயோ, மில்லோ. கபடியோ, ஹாக்கியோ, பந்தோ. நிக்கறவங்க பேர் தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் மிச்சம் இருப்பாங்க. அவங்களுக்கும் எண்பது வயசு ஆகியிருக்கும். இங்க ராத்திரி ஆகும்போது அங்க விடியுது. வர்ற சனிக்கிழமை போன் போடுங்க. சௌக்கியம் விசாரிச்சுட்டு, பேரைக் கேளுங்க. பெருக்கியும் எழுத வேணாம், குறைச்சும் எழுத வேணாம். சொன்னதை சொன்னபடி எழுதுங்க. டெபாசிட் அங்கதான் இருக்கு. வாரிசு நாமதான்.

டிஸ்கி 1: அண்ணாச்சி இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, பிரியாணி சூப்பர். அடுத்த விருந்து நம்ம வீட்டுல. உங்க அப்பா எந்த டீம்ல ஆடினார்னு அப்ப கேப்பேன், தயாரா வாங்க :-)

டிஸ்கி 2: 71ல கேஜிஎஃப்ல கால்பந்து பாத்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னும் மூணு பேர் வேணும்.